வேலைப்பளு நானூற்றுப் பன்னிரண்டு

அரசு ஊழியர்களை ஊர் விட்டு ஊர் மாற்றும் உத்தரவுகளை எழுதுவதற்கென்றே மூன்று மாடிக் கட்டடம் ஒன்றை எழுப்பி, அதில் தொண்ணூறு பேரை உட்காரவைத்து, இடமாற்ற இயக்ககம் என்று பெயரும் சூட்டியிருந்தார்கள். உட்கார்ந்த தொண்ணூறு பேரும் அதன் பிறகு இடம் மாறவில்லை. மாடிப்படி ஏறி உள்ளே வந்த காகிதங்களும் அவர்களைப் பார்த்து அதே பழக்கத்தைக் கற்றுக்கொண்டன.

காலையிலிருந்து மாலை வரை அந்தக் கட்டடத்தில் நடந்துகொண்டே இருந்தவர் ஒருவர்தான். கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் தற்காலிக ஊழியர். ஒன்பது வருடமாகத் தற்காலிகம். தோளில் எப்போதும் ஒரு சுருள் கேபிள் தொங்குவதால் அவருக்கு ஒயர்காரர் என்று பெயர். வருகைப் பதிவேட்டில் வேறு பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம்.

அவருடைய மனைவி பள்ளி ஆசிரியை. தெருவில் எல்லோரும் டீச்சர் டீச்சர் என்று கூப்பிட்டு, ஒயர்காரருக்கும் அதுவே பழகிவிட்டது. டீச்சருக்கு வேலை பதினோரு மணி நேர பஸ் பயணத்துக்கு அப்பால் இருந்த ஓர் ஊரில். நான்கு வருடமாக மாதம் ஒருமுறை வந்து போகிறார். இரண்டாம் வகுப்பு படிக்கிற மகள் அப்பாவோடு இருந்தாள். காலையில் அவளுக்குத் தலை பின்னிவிடுவது ஒயர்காரர்தான். கேபிள் முறுக்கிப் பழகிய கை என்பதால் பின்னல் லேசில் அவிழாது. "அப்பா ரொம்ப இறுக்கிக் கட்டறாரும்மா, கண்ணை மூட முடியலை" என்று மகள் ஃபோனில் புகார் செய்வாள். அந்தப் பக்கத்தில் டீச்சர் முதலில் சிரிப்பார். பிறகு, அடுத்து வர இன்னும் எத்தனை நாள் என்று எண்ணிச் சொல்வார்.

கணவர் இந்த ஊரில் அரசு அலுவலகத்தில் வேலை செய்கிறார் என்ற காரணத்தைக் காட்டி டீச்சர் நான்கு மனுப் போட்டு, நான்காவது மனு பலித்துவிட்டது. உத்தரவு தயார். இயக்குநரின் கையெழுத்தும் கம்ப்யூட்டரிலேயே ஏறிவிட்டது. அதை அச்செடுத்து, முத்திரை குத்தி, கையில் வாங்க வேண்டியதுதான் பாக்கி. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் வாங்காவிட்டால் அந்த வருடத்து ஆசிரியர் பட்டியல் காலாவதி. அடுத்த பட்டியல் அடுத்த வருடம்.

செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்குக் கிடங்கு நின்றுபோனது.

கிடங்கு என்றால் மூட்டை அடுக்கும் இடம் அல்ல. இயக்ககத்தில் மேசைக்கு மேசை ஸ்கிரீன் இருந்தாலும் வேலையெல்லாம் ஓடுவது ஒரே பெரிய கம்ப்யூட்டரில். கோப்புகள் இருப்பது கட்டடத்தின் பின்பக்கம் ஓர் அறையில், இன்னொரு கம்ப்யூட்டரில். இரண்டுக்கும் நடுவில் ஒரு கேபிள். அந்தப் பின்னறைக் கம்ப்யூட்டருக்குத்தான் பொதுக் கோப்புக் கிடங்கு என்று பெயர். யார் எந்தக் கோப்பைத் திறந்தாலும் பெரிய கம்ப்யூட்டர் கிடங்கிடம் கேட்கும், கிடங்கு கொடுக்கும். செவ்வாய்க்கிழமை அது கொடுக்கவில்லை. இல்லை என்றாவது சொல்லியிருக்கலாம்; அதையும் சொல்லவில்லை.

ஒயர்காரருக்கு விஷயம் உடனே புரிந்துவிட்டது. இந்த மாதிரி நேரத்தில் செய்யக் கூடாத காரியம் ஒன்றே ஒன்று உண்டு: கிடங்கைத் தொடுவது. தொட்டவன் அப்படியே நிற்பான். அவன் ஏன் நிற்கிறான் என்று பார்க்கப் போகிறவனும் கிடங்கைத் தொட்டால் பக்கத்திலேயே நிற்பான். கிடங்கில் எவ்வளவு இடம் காலி என்று கேட்கிற சாதாரணக் கேள்விகூடப் போய் வரிசையில் நின்றுகொள்ளும். அதனால் அவர் கிடங்கைத் தொடாமல், வெளியிலிருந்து கதவைத் தட்டுவது போல ஒரு கட்டளையை மட்டும் அனுப்பிப் பார்த்தார். பதில் இல்லை. பின்னறைக்குப் போய்ப் பார்த்தார். கிடங்குக் கம்ப்யூட்டர் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, விளக்கெல்லாம் பச்சை. ஆக, நடுவில் கேபிளில்தான் கோளாறு. கேபிளைப் பிடித்துக்கொண்டே போனால் அரை மணி நேரத்தில் இடம் தெரிந்துவிடும். ஆனால் புகார் பதிவாகாமல் அரசுக் கேபிளைப் பிடித்துக்கொண்டு நடப்பது குற்றம்.

முதல் மாடியில் கண்காணிப்பாளர் அம்மாவிடம் போனார். இயக்ககத்தின் விதிகள் அனைத்தும் அந்த அம்மாளுக்கு மனப்பாடம். விதி எதற்காக வந்தது என்பது மட்டும் பாடத்தில் இல்லை.

"மேடம், கிடங்கு நின்னுடுச்சு. புகாரைப் பதிஞ்சுக்கிட்டீங்கன்னா கேபிளைப் பார்த்துடுவேன். தயவுசெஞ்சு யாரும் அதுவரைக்கும் கிடங்கைத் திறக்க வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

"நின்னுடுச்சுன்னு யார் சொன்னது?"

"நான்தான் மேடம்."

"நீங்க தற்காலிகம். ஒரு கோளாறை நிரந்தர ஊழியர் நேர்ல பார்த்து உறுதி பண்ணணும். நேர்க்காட்சி விதி. இருங்க, நானே திறந்து பார்க்கறேன்."

"திறக்காதீங்க மேடம், திறந்தா—"

திறந்துவிட்டார். ஸ்கிரீனில் ஒரு சின்ன வட்டம் சுற்ற ஆரம்பித்தது. அந்த அம்மாள் மறுபடி அழுத்தினார், இன்னொரு தடவை அழுத்தினார், கோபம் வந்து நான்கு தடவை அழுத்தினார். ஒவ்வோர் அழுத்தலும் ஒரு புது வேலையாகப் போய் வரிசையில் நின்றது.

"சுத்துதே தம்பி. சுத்தினா ஓடுதுன்னுதானே அர்த்தம்? நின்னிருந்தா வட்டமும் நின்னிருக்கணும்."

கண்காணிப்பாளரின் நேர்க்காட்சி தெளிவாக இல்லாததால் விஷயம் துணை இயக்குநரிடம் போனது. அவர் நேரில் பார்த்தார், அவர் ஸ்கிரீனும் நின்றது. அவருடைய ஸ்கிரீனை உறுதிசெய்யப் பக்கத்துப் பிரிவிலிருந்து இருவர் வந்து, தங்கள் இடத்துக்குப் போய்த் திறந்து பார்த்தார்கள். மதியச் சாப்பாட்டுக்குள் அந்த மாடியே நேர்க்காட்சி கண்டுவிட்டது. ஒயர்காரர் மேசை மேசையாக ஓடி, "தொடாதீங்க, தொடாதீங்க" என்று கெஞ்சினார். எதைத் தொடக் கூடாது என்று தெரிந்துகொள்வதற்காகவே தொட்டவர்கள் பதினேழு பேர்.

நின்ற வேலைகளை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தார். நின்றுபோ என்று கட்டளை கொடுத்தார். கேட்கவில்லை. எந்த வேலையையும் இருந்த இடத்திலேயே தீர்த்துக்கட்டிவிடும் கடைசிக் கட்டளை ஒன்று உண்டு, அதையும் கொடுத்தார். அதற்கும் மசியவில்லை. கிடங்கிலிருந்து பதில் வராமல் சாவதற்குக்கூட அந்த வேலைகளுக்கு அதிகாரம் இல்லை. அலுவலகத்துக்கு ஏற்ற வேலைகள் என்று ஒயர்காரர் நினைத்துக்கொண்டார்.

இப்போது கீழ்த்தளத்துக்கு வருவோம். நுழைவாயிலுக்கு எதிரே, உள்ளே வருகிறவர்கள் முதலில் பார்க்கிற சுவரில், ஒரு பெரிய பலகையில் சிவப்பு எண் ஒன்று எரிந்துகொண்டிருக்கும். அதற்கு மேல் 'வேலைப்பளு' என்று எழுதியிருக்கும். பெரிய கம்ப்யூட்டரில் இந்த நிமிடம் எத்தனை வேலைகள் கையில் இருக்கின்றன என்று அது காட்டும். இயக்குநரின் சொந்த யோசனை அது. மக்கள் நாம் உழைப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று சொல்லி மாட்டியது. மாட்டிய நாளிலிருந்து அது இரண்டைத் தாண்டவில்லை. போன வருடம் வந்த ஆய்வுக் குழு அந்த இரண்டைப் பார்த்துவிட்டு, எதிர்த் தெருப் பதிவேட்டு இயக்ககத்தில் ஏழு எரிகிறது, உங்களை ஏன் அவர்களோடு சேர்த்துவிடக் கூடாது என்று கேட்டுவிட்டுப் போயிருந்தது. அன்று முதல் இயக்குநர் அந்தப் பலகையைப் பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பியபடியே உள்ளே வருவார்.

அந்தப் பலகைக்கு ஒரு குணம் உண்டு. கிடங்கின் பதிலுக்காகக் காத்துநிற்கிற வேலையையும் அது வேலை என்றே எண்ணும். ஓடுகிறவனும் ஒரு தலை, நிற்கிறவனும் ஒரு தலை.

புதன்கிழமை காலை இயக்குநர் வழக்கம்போலப் பக்கவாட்டில் திரும்பி வந்தபோது, காவலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். இயக்குநரும் பார்த்தார். நூற்று எண்பத்தாறு.

பதினொரு மணிக்கு எல்லோரையும் கீழ்த்தளத்தில் கூட்டிவைத்துப் பேசினார்.

"தோழர்களே, நான் உங்களைக் குறைவா எடை போட்டுட்டேன். ஒரே நாள்ல நூத்து எண்பத்தாறு! திங்கட்கிழமை ஆய்வுக் குழு மறுபடியும் வர்றாங்க. அவங்க வர்றப்ப இது நானூறைத் தாண்டணும். எதிர்த் தெருவுல இருக்கறவங்க வேலையை எடுத்ததும் முடிச்சிடறாங்க. முடிஞ்சா அது போச்சு, அதை யார்கிட்ட காட்ட முடியும்? கையில இருக்கற வேலைதான் சொத்து. அதைக் கட்டிக் காக்கணும்."

கைதட்டல் எழுந்தது. ஒயர்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"சார், அது ஓடற வேலை இல்லை சார். எல்லாம் நிக்கற வேலை. கம்ப்யூட்டர் ஒண்ணுமே பண்ணலை, சும்மாத்தான் இருக்கு. வேணும்னா தொட்டுப் பாருங்க, சூடுகூட இல்லை."

இயக்குநர் அவரைக் கனிவோடு பார்த்தார். "சூடாகாம நூத்து எண்பத்தாறு வேலை பார்க்குதா? இதுதான்யா நிர்வாகம்."

அன்று மதியமே சுற்றறிக்கை வந்தது. ஒவ்வோர் ஊழியரும் திங்கட்கிழமைக்குள் ஐந்து முறையாவது கிடங்கில் ஓர் உத்தரவைத் திறந்து அச்சுக்குக் கொடுக்க வேண்டும். திறந்ததை மூடக் கூடாது. எந்த வேலையையும் மேலிட அனுமதியின்றி நிறுத்தவோ முடிக்கவோ கூடாது. கிடங்கில் சேமிக்க முடியாததால் அதைக் கையால் எழுதிப் பியூன் மூலம் மேசை மேசையாகக் காட்டினார்கள். ஒன்பது வருடத்தில் ஒயர்காரர் பார்த்த சுற்றறிக்கைகளிலேயே சொன்னபடி நடந்த சுற்றறிக்கை அது ஒன்றுதான்.

சாயங்காலம் டீச்சர் ஃபோன் செய்தார்.

"என்னங்க, ஆர்டர் வாங்கிட்டீங்களா? ஹெட்மிஸ்டரஸ் கேட்டுக்கிட்டே இருக்காங்க. நான் ரூமைக் காலி பண்றதா வேண்டாமா?"

"கையெழுத்தாயிடுச்சு. கிடங்குல இருக்கு. எடுக்கணும், அவ்வளவுதான்."

"அவ்வளவுதான்னா எடுக்க வேண்டியதுதானே? நீங்கதானே அதையெல்லாம் பார்த்துக்கறவர்?"

வேறு யாருடைய காகிதமாவது என்றால் எரிச்சலோடு போயிருக்கும். சொந்த மனைவியின் காகிதம், தன் கையால் மாட்டிய கம்ப்யூட்டரில், தான் மாட்டிய கேபிளுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, எடுக்க முடியவில்லை என்று எப்படிச் சொல்வது? அவமானமாக இருந்தது. மகள் ஃபோனைப் பிடுங்கி, "அம்மா, வெள்ளிக்கிழமை வந்துடுவியா? சனிக்கிழமை நீயே தலை பின்னிவிடறியா?" என்று கேட்டாள். ஒயர்காரர் எழுந்து போய்க் காய்ந்த துணிகளை மடிக்க ஆரம்பித்தார்.

வியாழக்கிழமை அவர் யாரையும் கேட்காமல் கேபிளைப் பிடித்துவிட்டார். பின்னறையில் ஆரம்பித்து, சுவரோரமாக, பீரோக்களுக்குப் பின்னால், படிக்கட்டின் அடிவயிற்றில் ஊர்ந்து, இரண்டாம் மாடிவரை போனார். கேபிள் கூட்ட அரங்கத்துக்குள் நுழைந்தது. அரங்கத்தின் கதவில் ஒரு பதாகை: 'தடையில்லாச் சேவை: நான்கு நாள் கருத்தரங்கு'. செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு ஆரம்பமானது. கதவிடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தார். மேடைக்கு அடியில் சுவரில் ஒரே ஒரு பிளக் பாயிண்ட். அதிலிருந்துதான், கிடங்கிலிருந்து வரும் கேபிளும் பெரிய கம்ப்யூட்டருக்குப் போகும் கேபிளும் சேரும் சின்னப் பெட்டிக்குக் கரண்ட் போகும். அந்தப் பெட்டியின் பிளக் தரையில் கிடந்தது. அது இருந்த இடத்தில் இயக்குநரின் மைக் சொருகியிருந்தது.

ஓட்டமாக ஓடிக் கண்காணிப்பாளர் அம்மாவிடம் வந்தார்.

"மேடம், கண்டுபிடிச்சுட்டேன். மைக்கைப் பிடுங்கிட்டு நம்ம பெட்டியைச் சொருகணும். ஒரு நிமிஷ வேலை."

"இயக்குநர் பேசற மைக்கையா?"

"ஒரே ஒரு நிமிஷம் மேடம். வெளிய பெஞ்சுல அறுபது பேர் ஆர்டருக்காக உட்கார்ந்திருக்காங்க. என் வீட்டுக்காரம்மா ஆர்டரும் அதுல இருக்கு."

"தம்பி, அது தடையில்லாச் சேவையைப் பத்தின கூட்டம். அதுக்குத் தடை வந்தா நாளைக்கு யார் பதில் சொல்றது? கூட்டம் முடியட்டும்."

"எப்ப மேடம் முடியும்?"

"வெள்ளிக்கிழமை அஞ்சரைக்கு."

ஒயர்காரர் கீழ்த்தளத்துக்கு இறங்கி வந்தார். பெஞ்சில் இருந்தவர்கள் அவரைக் கண்டதும் எழுந்து சூழ்ந்துகொண்டார்கள். ஒரு நர்ஸ், ஒரு தபால்காரர், குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒரு கணவர். "அண்ணே, பலகையில முந்நூத்தி நாப்பது காட்டுது. எங்களுக்காக இவ்வளவு உழைக்கிறீங்களே, எங்க பேர் எத்தனாவதா வரும்?" என்று தபால்காரர் மரியாதையோடு கேட்டார். "சீக்கிரம் வந்துடும்" என்று சொல்லிவிட்டு ஒயர்காரர் நழுவினார்.

வெள்ளிக்கிழமை மாலை நாலேகால். பலகையில் நானூற்றுப் பன்னிரண்டு. அரங்கத்தில் இயக்குநர் நிறைவுரை ஆற்றிக்கொண்டிருந்தார். ஒயர்காரர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். தோளில் கேபிள் இருந்ததால் யாரும் தடுக்கவில்லை; கேபிள் வைத்திருக்கிறவன் எங்கே போனாலும் காரணத்தோடுதான் போவான் என்று இந்த உலகம் நம்புகிறது. குனிந்தார். மேடை விரிப்பைத் தூக்கி, முழங்காலால் நகர்ந்து உள்ளே நுழைந்தார். தலைக்கு மேலே இயக்குநரின் செருப்புச் சத்தமும் குரலும் கேட்டன.

"சேவைக்குத் தடை எங்கேயிருந்து வருது? நான் நாலு நாளா இதைத்தான் தேடிக்கிட்டு இருக்கேன். வெளியில தேடாதீங்க. தடை நமக்குள்ளேயே—"

ஒயர்காரர் மைக்கைப் பிடுங்கினார். பெட்டியைச் சொருகினார்.

இயக்குநரின் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. அரங்கம் சத்தம் வராததைக் கவனிக்கவில்லை. நான்கு நாள் பழக்கத்தில், அவர் கையை உயர்த்தியபோதெல்லாம் தட்டியது. பிறகு கட்டடம் முழுவதும் ஒரு சத்தம் கிளம்பியது. மூன்று மாடிகளிலும் இருந்த பிரிண்டர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் முக்கி முனகிக் காகிதத்தை இழுக்க ஆரம்பித்தன. செவ்வாய்க்கிழமையிலிருந்து வரிசையில் நின்ற வேலைகள் ஒன்றையொன்று முட்டித் தள்ளிக்கொண்டு முடிந்தன. தபால்காரரின் உத்தரவு வந்தது. நர்ஸின் உத்தரவு வந்தது. சுற்றறிக்கைப்படி ஐந்து முறை அச்சுக்குக் கொடுத்திருந்ததால் சிலருடைய உத்தரவு ஐந்து பிரதியாக வந்தது. முத்திரை குத்துகிறவர் வாழ்க்கையிலேயே முதல்முறையாக நின்றுகொண்டு குத்தினார்.

டீச்சரின் உத்தரவு நாலு முப்பத்தெட்டுக்கு வந்தது. காகிதம் இன்னும் சூடாக இருந்தது. ஒயர்காரர் அதை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்து, பைமேல் கையை வைத்து அழுத்திக்கொண்டார். கண் கலங்கியது. யாராவது பார்த்தால் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டார்.

கீழே காவலாளி கத்தினார். எல்லோரும் ஓடிப்போய்ப் பார்த்தார்கள். பலகையில் பூஜ்ஜியம்.

ஐந்து நிமிடத்தில் ஒயர்காரர் அரங்கத்தின் நடுவில் நிறுத்தப்பட்டார். இயக்குநருக்கு மூச்சு வாங்கியது.

"நானூத்துப் பன்னிரண்டு வேலை இருந்ததே, எங்கய்யா?"

"முடிஞ்சிடுச்சு சார்."

"முடிஞ்சிடுச்சா? எல்லாமேவா?"

"எல்லாமே சார்."

"யாரைக் கேட்டு முடிச்சீங்க?"

ஒயர்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"இத்தனை பேர் நாலு நாளா பாடுபட்டுச் சேர்த்ததுய்யா அது! திங்கட்கிழமை ஆய்வுக் குழுகிட்ட நான் எதைக் காட்டுவேன்? ஒண்ணு ரெண்டு முடிஞ்சிருந்தாக்கூட கவனக்குறைவுன்னு விடலாம். நானூத்துப் பன்னிரண்டு! இது சதி. இந்த ஆளை இப்பவே வேலையை விட்டு நீக்கறேன். ஆர்டர் அடிங்க."

அரங்கத்து ஸ்கிரீன் முன்னால் தட்டச்சர் உட்கார்ந்து அடிக்க ஆரம்பித்தார். கண்காணிப்பாளர் அம்மாள் ஒயர்காரரின் பக்கத்தில் வந்து, துக்கம் விசாரிக்கிற குரலில் சொன்னார்.

"தம்பி, ஒண்ணு சொல்றேன், மனசைத் தேத்திக்கோங்க. உங்களுக்கு இங்க வேலை இருக்குங்கற காரணத்துலதான் டீச்சருக்கு மாத்தல் வந்துருக்கு. உங்க நீக்க உத்தரவு பதிவானா, அந்தக் காரணம் போச்சு. அவங்க ஆர்டரும் செல்லாது."

ஒயர்காரரின் கை சட்டைப் பைக்குப் போனது. காகிதத்தின் சூடு ஆறியிருந்தது. சார் என்று வாயெடுத்தார். ஆனால் இயக்குநர் அதற்குள் மேடையேறியிருந்தார். ஓர் ஊழியனை நீக்குவதென்றால் அதைப் பற்றிப் பேசாமல் எப்படி நீக்குவது? அதுவும் தொண்ணூறு பேர் கூடியிருக்கிற இடத்தில்?

"ஒழுங்குன்னா என்னன்னு ரெண்டு வார்த்தை..." என்று ஆரம்பித்தவர், மைக்கைத் தட்டிப் பார்த்தார். சத்தமில்லை. "மைக் என்னாச்சு?"

பியூன் மேடைக்கு அடியில் குனிந்தார். ஒயர்காரர் அதைப் பார்த்தார். தட்டச்சரையும் பார்த்தார். தட்டச்சர் கடைசி வரியை முடித்து, சேமி என்ற பொத்தானை அழுத்தினார். பியூன் பெட்டியைப் பிடுங்கி மைக்கைச் சொருகினார். இரண்டில் எது முந்தியது என்று கேட்டால் அரை விநாடி வித்தியாசம்தான்.

ஸ்கிரீனில் ஒரு சின்ன வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

"என்னமோ சுத்துது சார்" என்றார் தட்டச்சர்.

"சுத்தட்டும்" என்றார் இயக்குநர், கணீரென்ற குரலில். "ஒழுங்குன்னா என்ன?"

கிடங்கு மறுபடி நின்றுவிட்டது என்று எல்லோரையும் எச்சரிக்க வேண்டியது ஒயர்காரரின் கடமை. ஒன்பது வருடத்தில் ஒருநாளும் அந்தக் கடமையில் அவர் தவறியதில்லை. இப்போது அவர் வாயைத் திறக்கவில்லை. நீக்கப்பட்டவனுக்கு என்ன கடமை என்று நினைத்துக்கொண்டார். அந்த நினைப்பு அவருக்கே பிடிக்கவில்லை. ஆனாலும் படியிறங்கி வந்துவிட்டார். கீழே பலகையில் எண் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. மூன்று, ஒன்பது, இருபத்தாறு. காவலாளி ஒவ்வோர் எண்ணுக்கும் கைதட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் டீச்சர் இரண்டு பெட்டிகளோடு வந்து இறங்கினார். மகள் பஸ் நிற்பதற்குள் ஓடினாள். வீட்டுக்கு வந்து, அவளுடைய பின்னலை அவிழ்க்க டீச்சருக்கு இருபது நிமிடம் பிடித்தது. "இது என்னங்க தலையா, டெலிஃபோன் கம்பமா?" என்று திட்டிக்கொண்டே அவிழ்த்தார். ஒயர்காரர் நடந்ததையெல்லாம் சொன்னார். டீச்சர் கேட்டுக்கொண்டே வந்து, கடைசியில் சீப்பைக் கீழே வைத்தார்.

"அப்ப இனிமே ஆர்டருக்கு வர்றவங்க கதி?"

ஒயர்காரர் சீப்பில் சிக்கியிருந்த முடியை எடுக்க ஆரம்பித்தார்.

"ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கி மாட்டினா, மைக்கும் ஓடும், உங்க பெட்டியும் ஓடும் இல்ல?"

ஒயர்காரர் அப்படியே மலைத்துப்போனார். இது தனக்குத் தோன்றவே இல்லையே! அந்தக் கட்டடத்தில் ஒன்பது வருடம் இருந்தால் சுலபமான வழி எதுவும் கண்ணில் படாமல் போய்விடுகிறது.

"மாட்டிடலாம். ஆனா மாட்டினா என் நீக்க உத்தரவும் பதிவாயிடும். உன் ஆர்டரும் போயிடும்."

டீச்சர் மகளின் தலையை மறுபடி வாரி, தளர்வாகப் பின்னி முடித்தார்.

"மாட்டிடுங்க" என்றார். "நாலு மனுவுக்கும் நான் அந்த பெஞ்சுல உட்கார்ந்தவ. இன்னொருத்தி உட்கார்ந்திருக்கா, நம்மாலதான்னு தெரிஞ்சுக்கிட்டு என்னால இங்க இருக்க முடியாது. போறதுன்னா இந்தத் தடவை மூணு பேருமா போவோம்."

திங்கட்கிழமை டீச்சர் புதுப் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தார், எத்தனை நாளைக்கோ என்ற நினைப்போடு. ஒயர்காரர் பையில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸோடு இயக்ககத்துக்குப் போனார். கீழ்த்தளத்தில் ஆய்வுக் குழுவினர் மூவர் பலகையை அண்ணாந்து பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். ஐந்நூற்று மூன்று. கூட்டம் முடிந்தும் மைக்கை யாரும் பிடுங்கவில்லை. பெஞ்சில் புதுமுகங்கள். மாடியேறிப் போய்க் கண்காணிப்பாளர் அம்மாவின் மேசைமேல் பாக்ஸை வைத்தார்.

"மேடம், இதை மேடைக்கு அடியில சொருகிட்டுப் போயிடறேன். கிடங்கு ஓடும், மைக்கும் ஓடும். என் நீக்க உத்தரவும் பதிவாயிடும். அப்புறம் நான் இந்தப் பக்கமே வரமாட்டேன்."

அந்த அம்மாள் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார்.

"தொடாதீங்க! உங்களை நீக்கியாச்சு. நீக்கப்பட்டவர் அரசுச் சாதனம் எதையும் தொடக் கூடாது. பிளக் பாயிண்ட்டும் அரசுச் சாதனம்தான்."

"சரி மேடம், அப்ப வேற யாரையாவது சொருகச் சொல்லுங்க."

"கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்டதைத் தொட உங்களைத் தவிர யாருக்கும் அனுமதி இல்லையே."

"அப்ப நான் வீட்டுக்குப் போறேன்."

"எப்படிப் போவீங்க? நீக்க உத்தரவு பதிவாகலையே. பதிவாகற வரைக்கும் நீங்க ஊழியர்தான். பத்து மணிக்கு வரணும், கையெழுத்துப் போடணும், அஞ்சு மணி வரைக்கும் இருக்கணும். வரலைன்னா நடவடிக்கை எடுப்போம்."

ஒயர்காரர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைப் பார்த்தார், அந்த அம்மாளைப் பார்த்தார்.

"வேலையை விட்டும் போகக் கூடாது, எதையும் தொடவும் கூடாது. அப்ப நான் இங்க என்னதான் மேடம் செய்யணும்?"

கண்காணிப்பாளர் அம்மாள் அவரை ஒன்பது வருடத்தில் முதல்முறையாகத் தங்களில் ஒருவரைப் பார்ப்பது போலப் பார்த்தார். பக்கத்தில் இருந்த காலி நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"எல்லாரும் செய்யறதைத்தான் தம்பி. உட்காருங்க."